கண்ணாடியைப் பார்க்காத டாக்டர்

என் வேலை பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பது. கார் ஓட்டக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறவர்கள் உண்மையிலேயே கற்றுக்கொண்டார்களா என்று பக்கத்து இருக்கையிலிருந்து கவனித்து, லைசென்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டும். தேர்வு நடக்கும்போது நான் பேசக்கூடிய வாக்கியங்கள் கொஞ்சம்தான். "நீங்க தயாரானதும் கிளம்பலாம்" என்பது முதல் வாக்கியம். பிறகு இடது, வலது, நிறுத்துங்கள். மற்ற நேரமெல்லாம் மௌனம். எனக்கு அது கஷ்டமாக இருந்ததே இல்லை. தேர்வுக்கு வருகிறவர்கள் எனக்குக் கல்லு மேடம் என்று பெயர் வைத்திருப்பது என் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை. கல் அவ்வளவு மோசமான பொருள் இல்லை.

என் மௌனத்துக்கு ஒரு குணம் உண்டு என்பதை வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கண்டுகொண்டேன். நான் பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். அதுவும் உண்மையை. ஒருவர் தான் சிவப்பு விளக்கைத் தாண்டியதை, நான் கவனித்திருக்கவே இல்லை, அவராகவே ஒப்புக்கொண்டார். இன்னொரு பெண் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தன் மாமியாரைத் தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றாள். அதற்கு நான் மதிப்பெண் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர். நான் பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் அன்றைய மௌனம் கொஞ்சம் நீண்டுவிட்டது.

"சரி, சொல்லிடறேன்," என்றார். "உன் நீலக் கோப்பையை உடைச்சது பூனை இல்ல. நான்தான்."

நான் அவரைப் பார்த்தேன்.

"கார் பின்னாடி இருக்கிற கீறலும் நான்தான்."

இன்னும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அக்கா போன் பண்ணும்போதெல்லாம் நீ குளிக்கிறேன்னு சொன்னதும் நான்தான். அவ இப்ப உனக்கு ஏதோ தோல் வியாதின்னு நினைச்சுட்டு இருக்கா. போதுமா?"

"எனக்கு மார்பைத் தூக்கி வைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கு," என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் ஏதாவது சொன்னேனா?"

"இல்லங்க."

"சொல்ல வேண்டியதைச் சொல்லாம விட்டேனா?"

"இல்ல."

"அப்ப நான் இதுல எங்க வர்றேன்?"

"எங்கயும் வரல."

அது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் தெரிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவரிடம் சொல்லத் தெரியாமல் போனது இதுதான். இரண்டு பிள்ளைகள் குடித்து வளர்ந்த மார்பு என்னுடையது. பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டும் போய்விட்டார்கள். இடையில் நான் நன்றாகப் பருத்து, பிறகு ஒரு பிடிவாதத்தில் இளைத்தேன். உடம்பு குறைந்தது, தோல் குறையவில்லை. காலையில் பிராவை மாட்டும்போது இரண்டையும் எடுத்து உள்ளே வைக்க வேண்டியிருந்தது, ஊருக்குப் போகும்போது பெட்டியில் துணி அடுக்குவதுபோல. யாரும் குறை சொல்லவில்லை. வலியும் இல்லை. ஆனாலும் தினமும் அந்தக் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பார்க்காததுபோல் விலகிப் போய்க்கொண்டிருந்தேன். அப்படி விலகுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு டாக்டரிடம் போய் இதையா சொல்வது? அவர் ஏன் என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது என் கையில்? அதுதான் என் பயம். கத்தியைவிட அந்தக் கேள்வி.

"அதனாலதான் நான் வர்றேன்," என்றாள் அக்கா, நான் இதைச் சொன்னதும். அவள் முடி திருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். வருகிறவர்களின் தலையைவிட வாயைத்தான் அதிகம் கவனிப்பாள். "நீ போனா டாக்டரை முறைச்சுட்டுத் திரும்பி வந்துடுவே. நீ உக்காரு. நான் பேசறேன். தோல் வியாதி இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாயிடுச்சு," என்றேன்.

மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு படுக்கை, அதைச் சுற்றித் திரை, சுவரில் தலையிலிருந்து கால்வரை தெரிகிற ஒரு கண்ணாடி. அக்கா முதலில் தன் தலையைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் நர்ஸோடு உள்ளே வந்தார். நாற்பதுக்குள்தான் வயது. சிரித்த முகத்தோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் பேயறைந்தவர் மாதிரி நின்றுவிட்டார்.

அக்கா பதறிப்போனாள். "அவ்வளவு மோசமா டாக்டர்? அவ இன்னும் மேல்கோட்டைக்கூடக் கழட்டலையே."

"இல்ல, இல்ல. உக்காருங்க," என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவத் திரும்பினார். அப்போதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் மனிதர்களை ஒரு பக்கமாகத்தான் அறிவேன். முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவரின் ஒரு காது, ஒரு கன்னம், அவ்வளவுதான். இந்தக் காதின் மடலில் ஒரு மச்சம் இருந்தது. காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே வண்டியைத் தெருவுக்குள் திருப்பிய காது. பின்னால் வந்த தபால் வண்டிக்காரர் சொன்ன வார்த்தைகளை அலுவலகத்தில் யாரிடமும் என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. மறுமுறை வந்தபோதும் அதே தவறு, அதே தெரு. தபால் வண்டிக்காரர் மட்டும் வேறு. இரண்டு தடவையும் ஃபெயில் போட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் என்னிடம்தான் வருவதாக இருந்தார்.

அவருக்கும் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது ரொம்பச் சாதாரணமான சிகிச்சை மேடம்," என்று ஆரம்பித்தார். "இளமையான, இயற்கையான தோற்றம். தன்னம்பிக்கை கூடும். பயப்பட ஒண்ணுமே இல்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் காலரைத் தளர்த்தினார்.

"தழும்பு இருக்கும்," என்றார்.

"எங்க?" என்றாள் அக்கா.

"காம்பைச் சுத்தி ஒண்ணு. அங்கேர்ந்து நேராக் கீழ ஒண்ணு. நிறையத் தோல் எடுக்க வேண்டியிருந்தா, அடியில மடிப்போரமா இன்னொண்ணு. முதல்ல சிவந்து தடிச்சு இருக்கும். ஒரு வருஷம்போல ஆனா வெளுக்கும். ஆனா போகாது. போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க." மூச்சு வாங்கினார். "நானே இப்பச் சொல்ல இருந்தேன்."

நான் தலையசைத்தேன். தேர்வில் நான் தலையசைத்தால் தொடர்ந்து ஓட்டலாம் என்று அர்த்தம். அவர் தொடர்ந்து ஓட்டினார்.

"காம்புல உணர்ச்சி குறையலாம். நிறையப் பேருக்குத் திரும்பி வரும். சிலருக்கு வராமலே போகும். ரெண்டு பக்கமும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்காது."

"இப்ப மட்டும் இருக்காக்கும்," என்றாள் அக்கா.

"பெருசும் ஆகாது. இருக்கிறதை மேல ஏத்தி, மிச்சத் தோலை எடுக்கிறோம், அவ்வளவுதான். கொஞ்சம் சின்னதாக்கூடத் தெரியலாம். அப்புறம்..." மென்று விழுங்கினார். "மறுபடியும் இறங்கும். சீக்கிரம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. பூமி இழுக்கிறதை நான் நிறுத்த முடியாதுல்ல."

"அப்ப எதுக்கு ஆபரேஷன்?"

"இறங்குறதை மேலேர்ந்து ஆரம்பிக்கலாமே அக்கா."

அவர் எப்போது என் அக்காவுக்குத் தம்பியானார் என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவள் முகம் வேறெதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "ஐம்பத்திரண்டு வயசுக்காரங்க பண்ணிக்கலாமா?" என்று கேட்டாள்.

எனக்கு நாற்பத்தேழு. திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"வயசு பெரிசில்ல. உடம்புக்கு வேற கோளாறு இருக்கக் கூடாது. எடை ஏறி இறங்காம நிலையா இருக்கணும். இனிமே குழந்தை வேண்டாம்னு முடிவாகியிருந்தா நல்லது. மார்புக்கு எக்ஸ்ரே, அதான் மேமோகிராம், எடுத்துப் பாத்துட்டுத்தான் கத்தியையே தொடுவோம். அப்புறம் சிகரெட். அதை விட்டே ஆகணும். முன்னாடியும் பல வாரம், பின்னாடியும் பல வாரம். இல்லேன்னா ரத்த ஓட்டம் சரியாப் போகாம புண் ஆறாது. காம்பே கறுத்துப் போகவும் வாய்ப்பு இருக்கு."

அக்கா சிகரெட் பெட்டி எட்டிப்பார்த்த கைப்பையை மூடினாள். அவள் வாய் மூடியதும் அதே நேரத்தில்தான். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பேச்சிழந்து நான் பார்த்ததில்லை. என் மௌனத்தால் முடியாததை ஒரு டாக்டரின் பேச்சு செய்துவிட்டது.

திரைக்குப் பின்னால், நர்ஸ் கூட இருக்க, சட்டையைக் கழற்றினேன். அவர் கழுத்தெலும்பிலிருந்து அளவு நாடாவைப் பிடித்து அளந்தார். "அந்தக் கண்ணாடி முன்னாடி வந்து நில்லுங்க மேடம்," என்றார். கண்ணாடி என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் அவருக்கே சுருக்கென்றது. நாடா கையிலிருந்து நழுவியது.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் நானும், என் மார்பும், குனிந்து நாடா தேடும் ஒரு காதும் தெரிந்தன. சிரிப்பு வந்தது. கல் சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அவர் ஆபரேஷனுக்குப் பிறகான நாட்களைப் பற்றிப் பேசினார். கையைத் தூக்குகிற, கனமான எதையும் எடுக்கிற வேலை கொஞ்ச நாளைக்குக் கூடாது. இரவும் பகலும் அதற்கென்று இருக்கும் இறுக்கமான பிராவோடு இருக்க வேண்டும். மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

"வேலைக்கு எப்பப் போகலாம்?" என்றேன். நான் அங்கே பேசிய முதல் வாக்கியம்.

"ஆபீஸ்ல உக்காந்து பாக்குற வேலைன்னா சீக்கிரமே போகலாம். ஆனா உங்க வேலை..." அவர் தன் நெஞ்சின் குறுக்கே விரலால் ஒரு கோடு இழுத்தார். "சீட் பெல்ட் நேரா அங்கதான் வரும். பக்கத்துல ஓட்டுறவன் எப்ப பிரேக் அடிப்பான்னு தெரியாது. எப்படி அடிப்பான்னும் தெரியாது. ஆறு வாரத்துக்குள்ள அந்த சீட்ல உக்காரவே உக்காராதீங்க. என்னை மாதிரி ஆளுங்க எப்படி பிரேக் அடிப்போம்னு எனக்குத் தெரியும் மேடம்."

அக்கா நிமிர்ந்தாள். "உங்களுக்கு இவளைத் தெரியுமா?"

"கல்லு மேடத்தைத் தெரியாதவங்க யாரு," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கேள்வி வருகிறது என்று எனக்குத் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எல்லாரையும் கேப்பேன். ஏன் பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை அது வேலைக்கான மௌனம் இல்லை. உள்ளே ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அறையில் கடிகாரம் இல்லாததால் அதன் சத்தம்கூடத் துணைக்கு வரவில்லை.

அக்காவால் தாங்க முடியவில்லை. "வேற எதுக்கு டாக்டர்? வீட்டுக்காரர் கண்ணு வெளிய போகக் கூடாதுன்னுதான். ஆம்பளைங்களை நம்ப முடியுமா?"

"அதுக்குன்னா நான் பண்ண மாட்டேன்," என்றார் டாக்டர். முதல்முறையாக அவர் குரல் ஆடவில்லை. "தோலைத் தைக்கலாம் அக்கா. குடும்பத்தைத் தைக்க எனக்குத் தெரியாது. மத்தவங்களுக்காகப் பண்ணிட்டுப் போறவங்கதான் ஒரு மாசம் கழிச்சு வந்து அழறாங்க."

"அவர் இதுல எங்கயும் வரல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கண்ணாடியைப் பாத்தா பிடிக்கல. பாக்காம இருக்கவும் பிடிக்கல. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் என்கிட்ட இல்ல."

டாக்டர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"போதும் மேடம்," என்றார். "பெரிய காரணத்தோட வர்றவங்களைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கல்லாக இருந்த கேள்வி அது. ஆனால் என்னிடமும் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல் எழுந்துவந்தால் நான் என் தொழிலுக்கே துரோகம் செய்தவள் ஆவேன்.

"நீங்க கண்ணாடியைப் பாக்காம வண்டியை எடுக்கிறவர்," என்றேன். "ரெண்டு தடவை பாத்தேன். இங்கயும் அப்படித்தானா?"

நர்ஸ் இருமினாள். டாக்டரின் காது சிவந்தது, மச்சம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"இங்க அப்படி இல்ல," என்றார். "கத்தி வைக்கிற அன்னிக்குக் காலையில உங்களை நிக்க வெச்சுத்தான் கோடு போடுவேன். படுத்துட்டா எல்லாம் இடம் மாறிடும். அப்புறம் பாதி ஆபரேஷன்ல, நீங்க மயக்கத்துல இருக்கும்போதே, மேசையை நிமித்தி உங்களை உக்கார வைப்போம். நான் தள்ளிப் போய் நின்னு பாப்பேன். எதிர்லேர்ந்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சரியில்லேன்னா தையலைப் பிரிச்சு மறுபடியும் போடுவேன். என் கூட வேலை பாக்குறவங்க கொட்டாவி விடுற அளவுக்குப் பாப்பேன்."

"ஆமா மேடம்," என்றாள் நர்ஸ். "கால் வலி எடுத்துடும்."

"அப்ப கார்ல மட்டும் ஏன்?"

"பயம் மேடம். பக்கத்துல நீங்க உக்காந்திருந்தீங்க."

நான் எழுந்தேன். "அடுத்த வாரம் உங்க டெஸ்ட்டுக்கு நான் வர மாட்டேன். வேற ஆளை மாத்தச் சொல்லிடறேன். உங்க கைல உடம்பைக் கொடுக்கப் போறவ உங்களுக்கு மார்க் போடக் கூடாது."

உடம்பைக் கொடுக்கப் போகிறேன் என்று நான் முடிவு செய்திருந்தது அந்த வாக்கியத்தை முடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அவர் உடனே நாள் குறிக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள், மேமோகிராம் எடுங்கள், ஒரு மாதம் கழித்தும் இதே எண்ணம் இருந்தால் வாருங்கள் என்றார். வண்டியை எடுப்பதற்கு முன் நின்று பார்க்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வயதான அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தார். நேரம் முடிந்து எங்களுக்குப் பின்னாலேயே இறங்கிவந்த டாக்டர் அந்தக் காரை நோக்கி நடந்தார்.

"ஏறுங்க மாப்ள, எனக்குக் கண் டாக்டரைப் பாக்கப் போகணும்," என்றார் அம்மாள். பிறகு, டாக்டர் என்னைக் கண்டு நெளிந்ததைக் கவனித்துவிட்டு, "இவங்கதானா அந்த மேடம்? அம்மா, தினம் இவரைக் கொண்டுவந்து விட்டு, கூட்டிட்டுப் போய், என் முதுகு போச்சு. கொஞ்சம் பாத்து பாஸ் பண்ணி விடக் கூடாதா?"

நான் பேசாமல் நின்றேன்.

அம்மாள் கார் ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். "உண்மையைச் சொன்னா," என்றார் தணிந்த குரலில், "இவர் ஓட்டினா நானே ஏற மாட்டேன்."

ஒரு மாதம் கழித்தும் எண்ணம் அப்படியே இருந்தது. மேமோகிராமில் குறை ஒன்றும் இல்லை. காப்பீட்டுக்காரர்கள் இது அழகுக்கானது, எங்கள் கணக்கில் வராது என்றார்கள். கணவர் எனக்காக உயரமான இரண்டு தலையணை வாங்கினார். மேல் அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் நான் எட்டுகிற உயரத்துக்கு இறக்கி அடுக்கினார். இறக்கும்போது இன்னொரு கோப்பையை உடைத்தார். இந்த முறை நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அறுவைச் சிகிச்சை அன்று காலை அவரும் அக்காவும் வெளியே வராந்தாவில் இருந்தார்கள். அக்கா சிகரெட்டை விட்டிருந்தாள், எனக்குத் துணையாக என்று சொன்னாள். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் கணவர் அவளுக்குப் பயந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நான் இடுப்புவரை திறந்த உடம்போடு நின்றேன். குளிராக இருந்தது. டாக்டர் கோடு போடும் பேனாவோடு வந்தார். அந்தத் தேர்வு என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. எதிரே பேசாமல் நின்றேன், அவ்வளவுதான்.

"ஃபெயில் மேடம்," என்றார் அவராகவே. "புது ஆள் ரொம்ப நல்லவர். கலகலன்னு பேசினார். நான்தான் கண்ணாடியையே பாத்துட்டு இருந்தேன். பச்சை விழுந்தது, மறுபடியும் சிவப்பு ஆச்சு, மறுபடியும் பச்சை. பின்னாடி ஊரே ஹாரன் அடிச்சுது. அப்பவும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கழுத்துக்குக் கீழே நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அங்கிருந்து ஒரு கோடு. பேனாவின் முனை சில்லென்று இறங்கியது. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். இந்தப் பக்கம் போனார், அந்தப் பக்கம் வந்தார். ஒரு கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு நூலளவு தள்ளி மறுபடியும் போட்டார். சுவர்க் கண்ணாடியில் என் தோளுக்கு மேலாக ஒரு முறை பார்த்தார். அவசரமே இல்லை.

நானும் கண்ணாடியைப் பார்த்தேன். விலகவில்லை. நீலக் கோடுகளோடு, இன்னும் கட்டி முடிக்காத வீட்டின் வரைபடம் மாதிரி இருந்தேன். இது என் உடம்பு என்று நெடுநாளைக்குப் பிறகு தோன்றியது, இன்னும் ஒரு தையல்கூட விழாமலே.

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு பழக்கதோஷத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் லேசாக வியர்வை இருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

"நீங்க தயாரானதும் கிளம்பலாம்," என்றேன்.